சாமி குடத்துத் தண்ணீரும் உன் சுரங்கத்துப் பாட்டிலும்

தம்பி,

பூஜை அறைச் செம்புக் குடத்தை நேற்று மூன்றாவது தடவையாகப் புளி போட்டுத் தேய்த்தேன். பளபளவென்றுதான் இருக்கிறது. வெயிலில் கவிழ்த்து வைத்தால் கண் கூசுகிறது. இருந்தும் அதில் தண்ணீர் பிடித்து முருகனுக்கு முன்னால் வைக்கக் கை வரவில்லை, குமட்டுகிறது. குடத்தில் அழுக்கு இல்லை என்று எனக்குத் தெரியும். நீ அதிலிருந்து எடுத்தாயே தவிர அதில் எதையும் ஊற்றவில்லை. ஆனாலும் அதைப் பார்க்கும்போதெல்லாம் நாக்கில் ஒரு துரு ருசி வந்து உட்கார்ந்துகொள்கிறது. இன்னும் மூன்று வாரத்தில் உனக்குக் கல்யாணம். இந்த நேரத்தில் ஒரு தாய் எழுதுகிற கடிதம் இப்படியா ஆரம்பிக்க வேண்டும் என்று நீ நினைப்பாய். வேறு மாதிரி ஆரம்பித்து இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். போனில் கேட்டால் மண்டபம், மேளம், சமையல்காரர் என்று பேச்சை மாற்றிவிடுகிறாய். எழுதியதை அப்படி மாற்ற முடியாது. அதனால் எழுதுகிறேன், உட்கார்ந்து படி. உனக்குப் பிறகு வேறு அம்மாக்களும் பிள்ளைகளும் படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். மற்றதெல்லாம் மளிகைப் பொட்டலம் சுற்றி வந்த தாளிலும், கோயில் புத்தகங்களிலும், பிறகு நீ வீட்டில் விட்டுப்போன பாடப் புத்தகங்களிலும் எழுத்துக் கூட்டிக் கற்றது. அதனால்தானோ என்னவோ, எதையும் எழுதி வைத்தால்தான் எனக்கு நிம்மதி. கேஸ் மாற்றிய நாள், விளக்குக்கு எண்ணெய் ஊற்றிய நாள், உனக்குத் தடுப்பூசி போட்ட நாள், எல்லாம் 555 நோட்டில் இருக்கிறது. மற்றவர்கள் அந்தக் குட்டி நோட்டில் கடைப் பாக்கி எழுதினார்கள். நான் வீட்டை எழுதினேன். நீ கேலி செய்வாய். "அம்மா தும்மினாக்கூட தேதி போடுவாங்க லா" என்று நீ கட்டப்போகிற யாழினியிடம்கூடச் சொல்லியிருக்கிறாய். அந்தப் பெண் சிரித்துவிட்டு, எனக்கு அதே மாதிரி ஒரு டஜன் நோட்டு வாங்கி வந்து கொடுத்தாள். அவளுக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் நீ வேலைக்குச் சேர்ந்தபோது, பகாங் மலைப்பக்கம், நம் கிள்ளான் வீட்டிலிருந்து நாலு மணி நேரம், பூமிக்கு அடியில் குடைந்து தங்கம் எடுக்கிற இடம் என்றாய். நீயும் தங்கம் எடுப்பாயா என்று கேட்டேன். "இல்லம்மா, நான் தண்ணி சுத்தம் பண்றவன்" என்றாய். அந்த வார்த்தை எனக்கு எவ்வளவு பிடித்துப்போயிற்று என்று உனக்குத் தெரியாது. கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் அதையே சொன்னேன். டாக்டர், லாயர் என்று மற்ற அம்மாக்கள் சொல்லும்போது, என் பிள்ளை தண்ணீரைச் சுத்தம் பண்ணுகிறான் என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் கர்வமாகவே இருந்தது. அது அபிஷேகம் செய்கிற மாதிரி ஒரு வேலை என்று நினைத்தேன்.

முதல் மாதமே ஒரு பாட்டிலோடு வந்து சமையல்கட்டில் எனக்குப் பாடம் நடத்தினாய், ஞாபகம் இருக்கிறதா? "ஆரத்தித் தண்ணி ஏன் சிவக்குது, தெரியுமாம்மா?" என்றாய். மஞ்சளில் சுண்ணாம்பு போடுகிறோம், சிவக்கிறது, இதில் ஏன் என்ன இருக்கிறது என்றேன். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "ஒங்கம்மாகிட்ட ஏன்னு கேட்டா இன்னிக்குச் சோறு கிடையாது" என்றார். நீ இரண்டு டம்ளர் வைத்தாய். குழாய்த் தண்ணீரில் மஞ்சளும் ஒரு சிட்டிகைச் சுண்ணாம்பும் போட்டதும் குங்குமமாய்ச் சிவந்தது. சுரங்கத்திலிருந்து ஏற்றிய தண்ணீரில் அதே சிட்டிகை போட்டும் சிவக்கவில்லை. பாறையில் இருக்கும் கந்தகம் காற்றும் ஈரமும் பட்டுப் புளித்துவிடும் என்றாய். தோசை மாவு மாதிரியா என்றேன், அதே மாதிரிதான் என்றாய். அந்தப் புளிப்பு இரும்பு, ஆர்செனிக் எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டு மேலே வரும். சுண்ணாம்புப் பால் ஊற்றிக் கலக்கினால் புளிப்பு அடங்கி, கரைந்ததெல்லாம் சேறாகத் திரண்டு குளத்தின் அடியில் உட்காரும். தெளிந்ததை ஓடையில் விடலாம். ஆர்செனிக் என்றால் பாஷாணம்தான் என்று நான் அப்புறம் அகராதியில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். என் மகன் சுண்ணாம்பைக் கொண்டு பாஷாணத்தை அடக்குகிறான். அன்று சாயங்காலம் விளக்கேற்றும்போது அதைத்தான் முருகனிடம் சொன்னேன்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஐஸ் பெட்டியில் பாட்டில்களை அடுக்கிக்கொண்டு சனிக்கிழமை வீட்டுக்கு வருவாய். திங்கட்கிழமை காலையில் ஷா ஆலாமில் இருக்கிற லேப்பில் கொடுக்கும்வரை குளிர்ச்சியில் இருக்க வேண்டும் என்றாய். மீன், முட்டை நுழையாத என் ஃப்ரிட்ஜில் கீழ்த்தட்டைக் காலி செய்து கொடுத்தேன். உள்ளே வரும் தண்ணீருக்குச் சிவப்பு மூடி, சுத்தம் செய்து வெளியே விடும் தண்ணீருக்கு நீல மூடி. "சாமிக்கு ஒரு தட்டு, சுரங்கத்துக்கு ஒரு தட்டு. எனக்கு எந்தத் தட்டு?" என்று அப்பா கேட்டார். நான் ஒரு தாளில் 'தம்பி தண்ணீர், தொடாதே' என்று எழுதி ஒட்டினேன். நீல மூடிப் பாட்டில்கள் தெளிந்த கண்ணீர் மாதிரி இருக்கும். நான் அவற்றைப் பார்த்து எத்தனை தடவை சந்தோஷப்பட்டிருக்கிறேன் என்று இப்போது நினைத்தால் என் கண்ணையே கழுவ வேண்டும் போலிருக்கிறது.

போன மாதம் தண்ணீர் வெட்டு வந்ததே, அதற்கு வருகிறேன். யாரோ ஆற்றில் எதையோ கொட்டி, நாற்றம் தாங்காமல் சுத்திகரிப்பு ஆலையை மூடிவிட்டார்கள். நாலு நாள் குழாயில் சொட்டு இல்லை. பின்கட்டில் இரண்டு நீலத் தோங், அந்தப் பெரிய பீப்பாய்கள், நிறையப் பிடித்து வைத்திருந்தேன். குளிக்க எத்தனை வாளி, பாத்திரத்துக்கு எத்தனை, கக்கூஸுக்கு எத்தனை என்று நோட்டில் கோடு போட்டு வந்தேன். சாமி குடம் மட்டும் அந்தக் கணக்கில் சேராது. வெள்ளிக்கிழமை நிரப்பி, துளசி போட்டு, மூடி வைத்திருந்தேன். கஞ்சி வைக்கத் தண்ணீர் இல்லை என்றாலும் அதில் கை வைக்க மாட்டேன் என்று உங்கள் இருவருக்கும் தெரியும். நீ சனிக்கிழமை மத்தியானம் வந்தாய். அப்பாவோடு உட்கார்ந்து டிவியில் செய்தி பார்த்துவிட்டு, "இப்படி ஆத்துல ஊத்தறவனுங்கள அந்தத் தண்ணியையே குடிக்க வைக்கணும்" என்றாய். நான் சமையல்கட்டிலிருந்து கேட்டேன். சொன்னால் சொன்னபடி, பாதி வாளியில் குளித்து முடித்தாய். என் பிள்ளைக்குத் தண்ணீரின் அருமை தெரியும் என்று நோட்டில் உன் பேருக்கு நேரே அரைக் கோடுதான் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை குடத்தைத் திறந்தால் நாலு விரல் இறங்கியிருந்தது. அப்பாவைக் கேட்டேன். "நான் முகம் கழுவியே ரெண்டு நாளாச்சு, என்னைப் போய்க் கேக்கற" என்றார். தயிர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தேன். கீழ்த்தட்டில் நீல மூடிப் பாட்டில் ஒன்றில் துளசி இலை மிதந்துகொண்டிருந்தது. சின்ன இலை, ஓரம் சற்றுக் கறுத்தது. முதலில் எனக்குப் புரியவில்லை. சுரங்கத்துக்குப் பக்கத்தில் துளசிச் செடி இருக்குமோ என்றுகூட நினைத்தேன், அவ்வளவு நம்பிக்கை. பிறகு வெள்ளிக்கிழமை குடத்தில் நான் போட்ட துளசி ஞாபகத்துக்கு வந்தது. தயிரை எடுக்காமலே கதவை மூடினேன்.

நீ பசியாறி முடிக்கும்வரை காத்திருந்துதான் கேட்டேன். நீ மறுக்கவில்லை, அதை ஒரு நல்ல குணமாகக் கணக்கில் வைக்கலாமா என்று இன்னும் யோசிக்கிறேன். "முழுசா இல்லம்மா, பாதிப் பாதிதான். பாதி எங்க குளத்துத் தண்ணி, பாதி நம்ம தண்ணி. அப்பத்தான் ரீடிங் அழகா வரும்" என்றாய். வழக்கமாகச் சமையல்கட்டு ஃபில்டரில் பிடிப்பாயாம். அன்று குழாய் வறண்டதால் குடத்தில் எடுத்தாயாம். பக்கத்து வீட்டில் கறிவேப்பிலை பறித்ததைச் சொல்கிற மாதிரிச் சொன்னாய். சுண்ணாம்பு ஊற்றும் பம்ப் கெட்டுப்போய்விட்டது, புதுப் பாகம் வரவில்லை, மழை அதிகம், சுரங்கத்தில் ஊறுவதை நிறுத்த முடியாது, மேலே இருக்கிறவர் தாளில் எண்கள் சரியாக இருந்தால் போதும் என்கிறார் என்று அடுக்கிக்கொண்டே போனாய். எத்தனை நாளாக என்று கேட்டேன்.

"மார்ச்லேர்ந்து. விட்டு விட்டு."

"பாதித் தண்ணி பாட்டில்ல போகுது. மிச்சம் எங்க போகுது?"

"ஓடைக்குத்தான்."

"ஓடை?"

நீ தட்டில் காய்ந்த சட்னியை விரலால் சுரண்டிக்கொண்டிருந்தாய். பிறகு நிமிர்ந்து, என்னைப் பார்த்து, மெதுவாகத்தான் சொன்னாய்: "நீங்க பால்குடத்துல ஊத்தலையாம்மா?"

அதை நீ மறந்திருப்பாய் என்று நினைத்திருந்தேன். உனக்கு ஒன்பது வயது. காய்ச்சல் இறங்கினால் உன்னையும் என்னையும் பால்குடம் எடுக்க வைக்கிறேன் என்று வேண்டியிருந்தேன். பங்குனி உத்திரத்தன்று பஸ்ஸில் வரும்போது பால் பை ஒன்று கிழிந்து என் சேலையெல்லாம் நனைந்தது. கோயில் வாசலில் பார்த்தால் உன் குடம் அரைதான் இருந்தது. வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. வெளியே போய் வாங்கி வந்தால் இடம் போய்விடும், எல்லாரும் பார்ப்பார்கள். கால் கழுவுகிற குழாயில் பிடித்து நிரப்பினேன். நீ தலையைத் தூக்கி, அது தண்ணீர்தானே என்று கேட்டாய். "பாதிதான்டா, வெள்ளையாத்தானே இருக்கு. சாமிக்குக் குடம் நிறைஞ்சிருந்தா போதும்" என்றேன். உன் உயிருக்காக வேண்டிய வேண்டுதல் அது. இத்தனை நோட்டு எழுதியிருக்கிறேனே, அந்தத் தேதிக்கு நேரே 'பால்குடம், நிறைவேறியது' என்றுதான் எழுதி வைத்திருக்கிறேன். தேடி எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்து என்னைப் பார்த்துப் பல்லிளித்தது.

ஆகவே உனக்குக் கலக்கக் கற்றுக் கொடுத்தவள் நான். மறுக்கவில்லை. ஆனால் ஒன்றைப் பிரித்துப் பார், தம்பி. நான் ஏமாற்றப் பார்த்தது சாமியை. அவர் அந்தப் பாலைக் குடிக்கவில்லை, குடித்திருந்தாலும் அவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. நீ ஏமாற்றுவது குடிக்கிறவர்களை. அதற்கு என் குடத்தையும், நான் போட்ட துளசியையும் சாட்சிக்கு அனுப்புகிறாய்.

திங்கட்கிழமை காலை நீ அந்தப் பாட்டிலைத் திறந்து, கரண்டிக் காம்பால் இலையை எடுத்து சிங்க்கில் போட்டுவிட்டு, மூடி, ஐஸ் பெட்டியில் வைத்துக் கிளம்பினாய். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தடுக்கவில்லை. கல்யாண நேரம், வேலை போய்விட்டால் என்ன ஆவது என்று என் வாயும் பூட்டிக்கொண்டது. என் இரண்டாவது தப்பு அது. நீ போன பிறகு சிங்க்கில் கை விட்டு அந்த இலையை எடுத்து, துடைத்து, நோட்டில் செலோடேப் போட்டு ஒட்டித் தேதி எழுதினேன்.

அப்போதுதான் பக்கங்களைப் புரட்டி, மார்ச்சுக்குப் பிறகு என்ன எழுதியிருக்கிறேன் என்று பார்த்தேன். சித்திரைப் புத்தாண்டுக்கு உன்னை அழைத்துவர நானும் அப்பாவும் அங்கே வந்தோமே. உன் குடியிருப்புக்குக் கீழே, ஓடையோரம், ஒரு மலாய்க்கார அம்மா தண்ணீரில் நின்று, கரையில் பறித்த பாக்குக் கீரையை, அந்தச் சுருள் பெரணித் தளிரை, அலசிக்கொண்டிருந்தார். கற்களெல்லாம் ஆரஞ்சாக இருக்கின்றனவே என்று கேட்டேன். "இரும்பும்மா, இயற்கைதான்" என்றாய். நான் அவரை மக்சிக் என்று அத்தை முறை வைத்துக் கூப்பிட்டு, கொஞ்சம் முறுக்கு கொடுத்தேன். அவர் ஈரம் சொட்டச் சொட்ட ஒரு கட்டுக் கீரையை என் கையில் திணித்து, "அம்பில், அம்பில்", எடுத்துக்கொள் எடுத்துக்கொள் என்றார். தேங்காய்ப்பாலில் சமைத்தால் மருமகளுக்குப் பிடிக்கும் என்று எனக்கு மலாயில் சொல்லிக் கொடுத்தார். உனக்குக் கல்யாணம் ஆகப்போகிறது என்று நான் அதற்குள் அவரிடம் சொல்லிவிட்டிருந்தேன். அவருடைய பேரப்பிள்ளைகள் இரண்டு பேர் கல்லுக்குக் கல் தாவிக்கொண்டிருந்தார்கள். வரும் வழியில் பெட்ரோல் கடையில் நிறுத்தினாய். நாங்கள் கழிவறைக்குப் போய் வருவதற்குள் கீரையைக் காணோம். வாடிப்போச்சு, தூக்கிப் போட்டுவிட்டேன், கிள்ளான் பாசாரில் கிடைக்காததா என்றாய். பிறகு குழாயடியில் சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவினாய். என் பிள்ளை எவ்வளவு சுத்தம் என்று நினைத்தேன். நோட்டில் இருக்கிறது: 'பாக்குக் கீரை, மக்சிக் கொடுத்தது, வாடியது.'

அந்த வரியைப் படித்துவிட்டு நான் எழுந்து போய் வாந்தி எடுத்தேன். இதை நான் அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. பாட்டிலில் இலையைப் பார்த்தபோதுகூட எனக்கு அப்படி ஆகவில்லை. காலையில் பறித்த கீரை அதற்குள் வாடவில்லை, தம்பி. உனக்குத் தெரிந்திருக்கிறது. உன் அம்மாவின் வாய்க்குள் அது போகக்கூடாது என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. அந்த அம்மாவின் வாய் மட்டும் என்ன, குப்பைத்தொட்டியா? அந்தப் பிள்ளைகள் கால் நனைத்து நின்றார்களே, அவர்களைப் பார்த்து நீ ஹாய்கூடச் சொன்னாய். தெரியாமல் செய்கிறவனை எனக்கு மன்னிக்க வரும். உன் வீட்டுக்கு மட்டும் ஒதுக்கி எடுத்துவிட்டு மற்றவர்களுக்கு விட்டுவிட்டு வந்தாயே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. ஆற்றில் ஊற்றுகிறவனுக்கு என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னவனும் நீதான்.

போன வாரம் பிரிக்பீல்ட்ஸில் மாலைக்குச் சொல்லப் போனோம். மாலை கட்டும் அக்கா, மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டார். பெருமையோடு யாழினிதான் சொன்னாள். "தண்ணி சுத்தம் பண்றவரா, பெரிய புண்ணியம்லா. எங்க வீட்டுக் குழாயையும் கொஞ்சம் வந்து பாருங்க, ஒரே சேறு" என்றார் அக்கா. "வரேன்க்கா" என்று சிரித்தாய். அழகான சிரிப்பு. எனக்கு மல்லிகை வாசம்கூட அழுகல் மாதிரி அடித்தது. உடம்பு சரியில்லை என்று சொல்லி வெளியே வந்து நின்றேன். யாழினி ஓடி வந்து என் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவள் இனி உன் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கப்போகிறவள். அவளுக்கு இது தெரியாமல் தாலி ஏறக்கூடாது. நீதான் சொல்ல வேண்டும், நான் இல்லை.

இது லேசான காரியம் இல்லை என்று எனக்குத் தெரியும். வேலை போகும். அடுத்த வேலைக்கு அந்த மேலாளர் நல்ல வார்த்தை சொல்ல மாட்டார். நாலு பேர் உன்னைப் பைத்தியக்காரன் என்பார்கள். அப்பாவிடம் இந்தக் கடிதத்தை இதுவரை வாசித்துக் காட்டினேன். "லோரி ஓட்டினப்ப என்னைக் கூடுதல் பாரம் ஏத்தச் சொன்னாங்க. ஏத்தினேன். பாலத்துல போறப்பல்லாம் கை வேர்க்கும். அவனுக்கு அந்தக் கை வேணாம்னு சொல்லு" என்றார். இத்தனை வருஷத்தில் எனக்கே சொல்லாததை உனக்காகச் சொன்னார்.

நீ செய்ய வேண்டியது இரண்டு. கலக்காத தண்ணீரைக் கலக்காத எண்ணோடு உன் பேர் போட்டு, கேட்க வேண்டிய அரசாங்க இலாகாவுக்குக் கொடு. அதற்கு முன்னால் அந்த மக்சிக் வீட்டுக்குப் போய், ஓடையில் இறங்காதீர்கள், கீரை பறிக்காதீர்கள், பிள்ளைகளை விடாதீர்கள் என்று உன் வாயால் சொல். திட்டினால் வாங்கிக்கொள். இந்த வாரம் நீ போகாவிட்டால் அடுத்த வாரம் அப்பா என்னைக் கூட்டிப் போவார். மலாய் எனக்கு நன்றாக வரும். என் பக்கத்துக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன்: பங்குனியில் உன் குடத்தையும் சேர்த்து இரண்டு பால்குடம் நானே எடுப்பேன், பழைய நோட்டில் அந்த வரியை அடித்துவிட்டு நடந்ததை எழுதிவிட்டேன். ஃப்ரிட்ஜில் கீழ்த்தட்டைக் கழுவித் தாளையும் கிழித்தாயிற்று. அங்கே இப்போது கத்திரிக்காய் இருக்கிறது.

கல்யாணத்தன்று முகூர்த்தத்துக்கு முன் பாத பூஜை. தாம்பாளத்தில் எங்கள் கால்களை வைத்து நீ தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். குடத்தில் நான் தண்ணீர் பிடித்து வைக்கப் போவதில்லை. ஐயரிடமும் சொல்லிவிட்டேன், மகன் கொண்டு வருவான் என்று. உன் குளத்திலிருந்து ஓடைக்குள் விழுகிற இடத்தில், அந்தக் குழாய் வாயில் பிடித்துக் கொண்டு வா. மஞ்சளையும் சுண்ணாம்பையும் நான் பக்கத்தில் வைத்திருப்பேன், சோதிக்க நீயே கற்றுக் கொடுத்தாய். அது சிவந்தாலும் சிவக்காவிட்டாலும் என் காலை நான் எடுக்க மாட்டேன். அந்த மக்சிக் தினமும் நிற்கிற தண்ணீரில் நான் ஒரு நாள் நின்றால் ஒன்றும் குறைந்துவிடாது. ஊற்ற உனக்குக் கை வருகிறதா என்று மட்டும் பார்ப்பேன்.

பாதிப் பாதி வேண்டாம்.

அம்மா